இங்கிலாந்தில் வாடகைக்குத் தங்கும் மாணவர்கள்: புதிய சட்டம் யாரைக் காக்கிறது, யாரை விட்டுவிடுகிறது

இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கான சட்டம் 2026 மே 1 அன்று பெரிய அளவில் மாறியது. 2025 அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்ற ரென்டர்ஸ் ரைட்ஸ் ஆக்ட், காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் 'செக்‌ஷன் 21' நோட்டீஸை நீக்கிவிட்டது. ஓராண்டு ஒப்பந்தம் என்ற ஏற்பாடும் பெரும்பாலான வீடுகளுக்கு இப்போது இல்லை. ஆனால் படிக்க வந்திருக்கும் மாணவர்களிடையே சுற்றும் தகவல்கள் ஒன்றுக்கொன்று முரணானவை. "இனிமேல் யாரையும் வெளியேற்ற முடியாது" என்கிறார் ஒருவர். "மாணவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது" என்கிறார் இன்னொருவர். இரண்டுமே தவறு.

நீங்கள் மாணவரா என்பது இங்கே இரண்டாவது கேள்விதான். யாருடைய இடத்தில், எந்த ஏற்பாட்டின் பேரில் தங்கியிருக்கிறீர்கள் என்பதே முதல் கேள்வி. அதற்கான விடையைப் பொறுத்து உங்கள் பாதுகாப்பு முழுமையாகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட இல்லாமலும் போகலாம்.

இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் 2017 டிசம்பர் 1 முதலும், வேல்ஸில் 2022 டிசம்பர் 1 முதலும் தனித்தனிச் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. வட அயர்லாந்துக்கும் தனி விதிகள். கிளாஸ்கோவில் இருக்கும் நண்பரின் அனுபவம் லெஸ்டரில் இருப்பவருக்குச் செல்லாது.

எந்த வகையில் வருகிறீர்கள்?

1. வீட்டுக்காரர் வேறிடத்தில் வசிக்கிறார். வீட்டையோ ஓர் அறையையோ நீங்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். சட்டம் இதை 'அஷ்யூர்டு டெனன்சி' என்கிறது. முழுப் பாதுகாப்பும் இந்த வகைக்குத்தான். முடிவுத் தேதி கிடையாது. மாதம் மாதமாகத் தொடரும். ஒப்பந்தத்தில் '12 மாதம்' என்று அச்சிட்டிருந்தாலும் அந்த வரிக்கு இப்போது வலு இல்லை. 2026 மே 1க்கு முன் போட்ட ஒப்பந்தங்களும் அன்றே இந்த முறைக்கு மாறிவிட்டன.

2. பல்கலைக்கழகமே நடத்தும் விடுதி. 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டமே இதை மேற்சொன்ன வகையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. இங்கே குறித்த காலக் கெடு செல்லும். செப்டம்பரில் சேர்ந்து ஜனவரியில் கிளம்பினாலும், ஒப்பந்தம் அனுமதிக்காவிட்டால் மீதிக் காலத்துக்கும் வாடகை கேட்கலாம்.

3. தனியார் நிறுவனங்கள் மாணவர்களுக்கென்றே கட்டி நடத்தும் விடுதி. அரசு அங்கீகரித்த நடத்தை விதித் தொகுப்பில் அந்த நிறுவனம் உறுப்பினராக இருந்தால், 2026 மே 1க்குப் பின் போடும் ஒப்பந்தங்கள் ஏறத்தாழ இரண்டாம் வகை போலவே நடத்தப்படும். பளபளப்பான கட்டடமாக இருப்பதால் பாதுகாப்பும் கூடுதல் என்று நினைக்க வேண்டாம். பாதியில் கிளம்பும் உரிமை முதல் வகைக்காரருக்கு உண்டு, இவருக்கு இல்லை.

4. வீட்டுக்காரரும் அதே வீட்டில் வசித்து, சமையலறையையோ குளியலறையையோ உங்களுடன் பகிர்ந்துகொள்கிறார். நீங்கள் 'லாட்ஜர்'. உங்களை வெளியேற்ற அவருக்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை; நியாயமான கால அவகாசம் கொடுத்தால் போதும். வாடகையை வாரம் வாரமாகக் கட்டுபவருக்கு அது ஒரு வாரமாகக்கூட இருக்கலாம்.

நம் மாணவர்கள் அதிகம் அகப்பட்டுக்கொள்வது நான்காம் வகையின் ஒரு கிளையில். மூத்த மாணவர் அல்லது வேலைக்குப் போகும் ஒருவர் தன் பெயரில் வீட்டை எடுத்து, அறைகளைப் புதிதாக வருபவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். பணம் ரொக்கமாகக் கைமாறும், காகிதம் எதுவும் இருக்காது. அவர் அங்கேயே வசித்தால் சட்டப்படி அவர்தான் உங்கள் வீட்டுக்காரர். நீங்கள் அவருடைய லாட்ஜர். உண்மையான உரிமையாளரின் அனுமதியில்லாமல் அவர் உள்வாடகைக்கு விட்டிருந்தால், அவருடைய குத்தகை முடியும்போது நீங்களும் தெருவுக்கு வர நேரிடலாம். ஊர்க்காரர், தெரிந்தவர் என்பது நல்ல விஷயம்தான். அதனாலேயே கேட்காமல் விட்டுவிடக் கூடாத கேள்வி இது: உங்கள் ஒப்பந்தத்தில் உள்வாடகைக்கு அனுமதி இருக்கிறதா? எழுத்தில் காட்ட முடியுமா?

எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமையே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. வீட்டுக்காரர் வேறிடத்தில் வசித்தால், வாய்மொழியாக வாடகை பேசிக் குடியேறினாலும் முதல் வகை உரிமை உண்டாகிவிடும். மே 1க்குப் பின் தொடங்கும் குடியிருப்புகளுக்கு முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் தருவது வீட்டுக்காரரின் கடமை. ஆனாலும் வாடகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ரொக்கம் என்றால் ரசீது வாங்குங்கள். பின்னால் எழும் எந்த வாதத்துக்கும் அதுவே அடிப்படைச் சான்று.

சாவி கைக்கு வருமுன் எவ்வளவு கேட்கலாம்

இதற்கு இரண்டு சட்டங்கள் உண்டு: 2019ஆம் ஆண்டின் டெனன்ட் ஃபீஸ் ஆக்ட், அதன் மேல் புதிய சட்டம். மாத வாடகை 650 பவுண்ட் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். வார வாடகையைக் கண்டுபிடிக்க மாத வாடகையை 12ஆல் பெருக்கி 52ஆல் வகுக்க வேண்டும்; நான்கால் வகுப்பது தவறு. 650 × 12 = 7,800; அதை 52ஆல் வகுத்தால் 150.

1. வீட்டைப் பிடித்து வைக்க வாங்கும் முன்பணம், அதாவது ஹோல்டிங் டெபாசிட்: ஒரு வார வாடகைக்கு மேல் கூடாது. நம் கணக்கில் 150 பவுண்ட். வேறு தேதி எழுதிக்கொள்ளாவிட்டால் 15 நாளுக்குள் ஒப்பந்தம் முடிவாக வேண்டும். வீட்டுக்காரர் பின்வாங்கினால் 7 நாளுக்குள் முழுப் பணமும் திரும்ப வேண்டும். நீங்களாகப் பின்வாங்கினாலோ, தவறான தகவல் கொடுத்திருந்தாலோ, குடியேற்றத் தகுதிச் சோதனையில், அதாவது இங்கே வாடகைக்குத் தங்க விசா நிலைப்படி உரிமை உண்டா என்று பார்ப்பதில், தேறாவிட்டாலோ அவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.

2. டெபாசிட்: ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவு என்றால் ஐந்து வார வாடகைதான் உச்சம். இங்கே 750 பவுண்ட். லாட்ஜருக்கும் இந்த வரம்பு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

3. முன்கூட்டிய வாடகை: முதல் வகை வீடுகளில், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் ஒரு பென்னிகூட வாடகையாக வாங்கக் கூடாது. கையெழுத்துக்குப் பின், குடியேறுமுன், ஒரு மாத வாடகை வரை வாங்கலாம்.

ஆக, 650 பவுண்ட் வீட்டுக்கு நுழையும்போது கேட்கக்கூடிய உச்சத் தொகை 1,400. ஹோல்டிங் டெபாசிட் தனியாக இதன் மேல் ஏறாது; கழித்துக்கொள்ளப்படும் அல்லது திரும்பி வரும். ரெஃபரன்ஸ் கட்டணம், ஒப்பந்தம் தயாரிக்கும் கட்டணம், வீட்டுப் பொருள் பட்டியல் கட்டணம், காலி செய்யும்போது கட்டாயக் கிளீனிங் கட்டணம் எல்லாம் தடை செய்யப்பட்டவை. விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் "நான் இவ்வளவு தருகிறேன்" என்று போட்டியிடச் சொல்வதும், யாராவது தானாக முன்வந்து கூடுதலாகத் தந்தால் அதை ஏற்பதும் இப்போது சட்டவிரோதம்.

மூன்றாவது விதி வெளிநாட்டு மாணவர்களுக்கு இருபுறமும் வெட்டுகிறது. பிரிட்டனில் சொத்தும் சம்பளமும் உள்ள கியாரண்டர், அதாவது நீங்கள் வாடகை கட்டத் தவறினால் கட்டுவதாக எழுதித் தருபவர், புதிதாக வருபவருக்குக் கிடைப்பது அரிது. அதற்கு ஈடாக ஆறு மாத வாடகையை, சில நேரம் ஆண்டு முழுவதுக்குமான வாடகையை, மொத்தமாகக் கட்டி வீடு எடுத்து வந்தார்கள். கடன் வாங்கி வந்த குடும்பங்களை அது நசுக்கியது. நடுவில் வீடு சரியில்லை என்றால் கையில் பிடியே இல்லாமல் போனது. அந்த வழி இப்போது அடைபட்டிருக்கிறது, நல்லதுதான். ஆனால் கியாரண்டரைக் கேட்பதற்குத் தடை இல்லை. எனவே வீடு தேடத் தொடங்குமுன் பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதிப் பிரிவுக்கு எழுதி, கியாரண்டராக நிற்கும் திட்டம் அவர்களிடம் உண்டா என்று கேளுங்கள். சில பல்கலைக்கழகங்கள் அப்படி நிற்கின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு நிற்கும் நிறுவனங்களும் உண்டு. அந்தக் கட்டணம் பொதுவாகத் திரும்ப வராது. குடியேறிய பிறகு நீங்களாக விரும்பி முன்கூட்டியே வாடகை கட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. அதை நிபந்தனையாக்கத்தான் கூடாது.

குடியேற்றத் தகுதிச் சோதனை இங்கிலாந்தில் மட்டும் உள்ள கடமை. உங்கள் விசா நிலையை வீட்டுக்காரர் இணையத்தில் சரிபார்க்க, ஈவிசா கணக்கிலிருந்து எடுத்துத் தரும் குறியீடான ஷேர் கோடு 90 நாள் செல்லும். இதற்கும் கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது.

டெபாசிட்டுக்கு முப்பது நாள்

முதல் வகை வீட்டுக்கு வாங்கிய டெபாசிட்டை, கைக்கு வந்த 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று அமைப்புகளில் ஒன்றில் பதிய வேண்டும்: டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம். எங்கே பதிந்தார், எப்படித் திரும்பப் பெறுவது என்ற விவரங்களையும் அதே கெடுவுக்குள் உங்களுக்குத் தர வேண்டும். மூன்று இணையதளங்களிலும் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

பதியாவிட்டால் கவுன்ட்டி நீதிமன்றம் டெபாசிட்டின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை உங்களுக்கு வாங்கித் தரும். தாமதமாகப் பதிந்தாலும் இது பொருந்தும். வீட்டைக் காலி செய்த பிறகும் ஆறு ஆண்டுகள் வரை வழக்குத் தொடுக்க வாய்ப்புண்டு. அதோடு, சமூக விரோத நடத்தை போன்ற ஓரிரு காரணங்கள் தவிர, டெபாசிட்டை ஒழுங்காகப் பதியாதவருக்கு நீதிமன்றம் காலி செய்யும் உத்தரவே தராது.

பிடித்தம் பற்றித் தகராறு வந்தால் அந்த அமைப்பே இலவசமாகத் தீர்த்து வைக்கும். அங்கே சேதத்தை நிரூபிக்க வேண்டியவர் வீட்டுக்காரர்; பணம் உங்களுடையது என்பதே தொடக்கப் புள்ளி. மூன்று ஆண்டு நடையில் தேய்ந்த கம்பளம் இயல்பான தேய்மானம், அதற்குப் பிடிக்க முடியாது. இஸ்திரிப் பெட்டி வைத்துச் சுட்ட கம்பளத்துக்குப் பிடிக்கலாம், அதுவும் புதுக் கம்பளத்தின் முழு விலையை அல்ல. குடியேறிய நாளன்று ஒவ்வொரு அறையையும், ஓவன் அடுப்பின் உட்புறத்தையும், மெத்தையின் இரு பக்கங்களையும், ஜன்னல் ஓரப் பூஞ்சையையும் படமெடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த படத்தை மறுப்பது கடினம்.

லாட்ஜருக்கு இந்தப் பதிவு முறை இல்லை. அவர் டெபாசிட்டைத் திரும்பப் பெற நேராக நீதிமன்றத்தின் சிறு உரிமைகோரல் வழிக்குத்தான் போக வேண்டும்.

ஒரே ஒப்பந்தத்தில் ஐந்து பேர்

ஐவரும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டால், மொத்த வாடகைக்கு ஒவ்வொருவரும் பொறுப்பு. ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் அவர் பங்கை மற்ற நால்வரிடமோ, அவர்களுள் ஒருவரிடம் மட்டுமோ வீட்டுக்காரர் கேட்கலாம். ஐவரும் தனித்தனியாகத் தத்தம் அறைக்குக் கையெழுத்திட்டால் இந்தச் சுமை இல்லை. கியாரண்டரின் பொறுப்பு உங்கள் பங்குக்கு மட்டுமா, வீடு முழுவதுக்குமா என்பதையும் அவர் கையெழுத்திடுமுன் படித்துப் பாருங்கள்.

புதிய சட்டத்தில் இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குடியிருப்பவர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அந்தக் கெடு ஒரு வாடகைக் காலத்தின் முடிவில் வந்து நிற்க வேண்டும். வாடகை மாதம் 1ஆம் தேதி தொடங்கினால், ஏப்ரல் 15 அன்று கொடுத்த நோட்டீஸ் ஜூன் 15இல் முடியாது, ஜூன் 30இல் முடியும். கோடையில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு ஆகஸ்ட் வரை வாடகை கட்டிய நிலை இதனால் மாறுகிறது.

ஆனால் கூட்டு ஒப்பந்தத்தில் ஒருவர் கொடுக்கும் நோட்டீஸ் ஐவருக்குமான குடியிருப்பையே முடித்துவிடும். மற்ற நால்வரின் சம்மதம் தேவையில்லை. டிசம்பரில் ஒருவர் படிப்பை விட்டு விலகினால், தேர்வுக் காலத்தில் நால்வர் வீடு தேட வேண்டி வரலாம். ஸ்காட்லாந்தில் கூட்டுக் குடியிருப்பை முடிக்க எல்லோரும் சேர்ந்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் அந்தப் பாதுகாப்பை வைக்காமல் விட்டது வருந்தத்தக்கது. விலக நினைப்பவர் முதலில் மற்றவர்களிடம் சொல்லி, தன் இடத்துக்கு ஒருவரைக் கண்டுபிடித்து, வீட்டுக்காரருடன் புது ஒப்பந்தம் பேசிய பிறகு விலகுவதே ஒழுங்கான வழி. நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டால், வீட்டுக்காரரும் குடியிருப்போர் அனைவரும் ஒப்புக்கொண்டால்தான் அதைத் திரும்பப் பெற முடியும்.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால்

இப்போது அவர் சட்டத்தில் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்றைச் சொல்லி 'செக்‌ஷன் 8' நோட்டீஸ் தர வேண்டும். நீங்கள் போகாவிட்டால் நீதிமன்றத்தில் அதை நிரூபிக்க வேண்டும். மாணவர்கள் எதிர்கொள்ளக்கூடியவை பெரும்பாலும் இவை:

1. வீட்டை விற்பது, அல்லது தானோ நெருங்கிய குடும்பத்தாரோ குடிவருவது. நான்கு மாத நோட்டீஸ். குடியிருப்பு தொடங்கிய முதல் 12 மாதத்துக்குள் இந்தக் காரணத்தால் வெளியேற்ற முடியாது.

2. வாடகை நிலுவை. மூன்று மாத வாடகை பாக்கி இருந்தால் நான்கு வார நோட்டீஸ். நோட்டீஸ் தரும் நாளிலும் விசாரணை நாளிலும் அந்த அளவு பாக்கி இருந்தால் நீதிபதிக்கு வேறு வழியில்லை, உத்தரவு போட்டே ஆக வேண்டும். விசாரணைக்கு முன் கொஞ்சம் கட்டி மூன்று மாதத்துக்குக் கீழே கொண்டுவந்தால், நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை நீதிபதிக்கு வரும்.

3. மாணவர் வீட்டுக்கென்று புதிதாகச் சேர்த்த காரணம் 4ஏ. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு வீட்டைக் காலியாக வைக்க இது உதவுகிறது. நிபந்தனைகள் பல: பல குடும்பத்தார் பகிர்ந்து வாழும் வீடாக இருக்க வேண்டும்; குடியிருப்போர் எல்லோரும் முழுநேர மாணவர்களாக இருக்க வேண்டும்; இந்தக் காரணத்தைப் பயன்படுத்தக்கூடும் என்று முன்பே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்; குடியேறும் நாளுக்கு ஆறு மாதத்துக்கு மேல் முன்னதாக ஒப்பந்தம் போட்டிருக்கக் கூடாது; நான்கு மாத நோட்டீஸ் தர வேண்டும்; காலி செய்யும் தேதி ஜூன் 1 முதல் செப்டம்பர் 30க்குள் விழ வேண்டும்; வீட்டை மறுபடி மாணவர்களுக்கே விடும் எண்ணம் இருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்று தவறினாலும் 4ஏ செல்லாது. நவம்பரிலேயே அடுத்த செப்டம்பருக்கு வீடு பிடிக்கச் சொல்லி அவசரப்படுத்தும் ஏஜென்டுகள் ஆறு மாத நிபந்தனையில் சிக்குகிறார்கள். பத்து மாதம் முன்னால் கையெழுத்து வாங்கினால் அந்த வீட்டுக்கு 4ஏ கிடையாது. தம்பதியாகவோ இரண்டு நண்பர்களாகவோ தனி ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. குடியிருக்கும் ஒருவர் மாணவர் அல்ல என்றால் அந்த வீட்டுக்கும் பொருந்தாது.

வாடகை உயர்வுக்கும் ஒரே வழிதான்: ஆண்டுக்கு ஒரு முறை, உரிய படிவத்தில், இரண்டு மாத அவகாசத்துடன். ஒப்பந்தத்தில் எழுதிய உயர்வு விதிகள் செல்லாது. அதிகம் என்று தோன்றினால் புதிய வாடகை தொடங்கும் தேதிக்கு முன் தீர்ப்பாயத்தை நாடலாம். வீட்டுக்காரர் கேட்டதைவிடக் கூடுதலாகத் தீர்ப்பாயம் நிர்ணயிக்காது, முன்தேதியிட்டும் உயர்த்தாது. ஆனால் சந்தை வாடகைதான் அதன் அளவுகோல். உங்கள் வருமானம் அங்கே கணக்கில் வராது.

நெரிசலான வீடும் லைசென்ஸும்

வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் சமையலறை, குளியலறையைப் பகிர்ந்தால் அது ஹெச்எம்ஓ எனப்படும் பகிர்வு வீடு. ஐந்து பேரோ அதற்கு மேலோ என்றால் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், தரும் லைசென்ஸ் கட்டாயம். மூன்று, நான்கு பேர் உள்ள வீட்டுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று பல கவுன்சில்கள் விதித்துள்ளன. கட்டாய லைசென்ஸ் வீட்டில் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்கும், இருவர் தூங்கும் அறை 10.22 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது. டேப் வைத்து அளந்து பாருங்கள். கூரை 1.5 மீட்டருக்குக் கீழே தாழும் பகுதி கணக்கில் சேராது.

லைசென்ஸ் இல்லாமல் வாடகைக்கு விடுவது குற்றம். கட்டிய வாடகையைத் திருப்பித் தரச் சொல்லி முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் குடியிருந்தவரே விண்ணப்பிக்கலாம். முன்பு 12 மாத வாடகை என்றிருந்த உச்சம் இப்போது 24 மாதம். விண்ணப்பிக்கும் கெடுவும் இரண்டு ஆண்டாகியிருக்கிறது. வீட்டை மொத்தமாக எடுத்து அறை அறையாக விடும் இடைத்தரகர் காணாமல் போனால், மேலே உள்ள உரிமையாளரிடம் கேட்க முடியாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. புதிய சட்டம் அந்த ஓட்டையை அடைத்து, உரிமையாளரையும் பொறுப்பாக்கியிருக்கிறது. லைசென்ஸ் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது கவுன்சிலின் கடமை; பெரும்பாலும் இணையத்திலேயே தேடலாம்.

பழுதுகள்

கூரை, சுவர், குழாய், மின்சாரம், ஹீட்டிங், சுடுநீர் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு எப்படி எழுதியிருந்தாலும் சரி. கேஸ் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை, மின்சாரச் சோதனை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, ஆட்கள் வசிக்கும் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம். பழுதை எழுத்தில் தெரிவியுங்கள், ஏனென்றால் வீட்டுக்குள் இருக்கும் பழுதுக்கு அவருடைய கடமை அது அவருக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. சரிசெய்யாவிட்டால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவைக் கூப்பிடுங்கள். பழுதுக்குப் பதிலடியாக வாடகையை நிறுத்த வேண்டாம். அது மேலே சொன்ன நிலுவைக் காரணத்தை அவர் கையில் நீங்களே கொடுப்பதாகிவிடும்.

படிப்பு முடியும்போது வரும் கவுன்சில் டாக்ஸ்

வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால், குடியிருப்போரிடம் கவுன்சில் வாங்கும் வரியான கவுன்சில் டாக்ஸ் இல்லை. பல்கலைக்கழகச் சான்றிதழைக் கவுன்சிலுக்கு அனுப்பி விலக்குக் கேட்க வேண்டும். சான்றிதழில் உள்ள படிப்பு முடியும் தேதியோடு விலக்கும் முடியும். படிப்பு முடித்தபின் தங்கி வேலை செய்ய அனுமதிக்கும் கிராஜுவேட் விசாவுக்கு மாறியவர் மாணவர் அல்ல. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் பில் வரும், 25 விழுக்காடு தள்ளுபடியுடன்; மற்றவர்கள் இன்னும் மாணவர்கள் என்றால் அதைக் கட்ட வேண்டியவர் அவர்தான்.

பூட்டை மாற்றிவிட்டால்

முதல் வகை வீட்டில், நீதிமன்ற உத்தரவும் அமீனாவும் இல்லாமல் உங்களை வெளியேற்றுவது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பூட்டை மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, பெட்டிகளை வெளியே வைப்பது, மிரட்டுவது எல்லாம் அதில் அடங்கும். உடனே செய்ய வேண்டியவை:

1. கவுன்சிலின் தனியார் வாடகைப் பிரிவை அழையுங்கள். அலுவலக நேரம் முடிந்திருந்தால் அவசர எண்ணை. வழக்குத் தொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

2. மிரட்டலோ கைகலப்போ இருந்தால் போலீஸ் அவசர எண் 999. "இது சிவில் தகராறு" என்று போலீஸார் சொன்னால், சட்டவிரோத வெளியேற்றம் குற்றம் என்பதைச் சட்டத்தின் பெயரோடு சொல்லுங்கள்: புரொடெக்‌ஷன் ஃப்ரம் எவிக்‌ஷன் ஆக்ட் 1977.

3. ஒப்பந்தம், வாடகை அனுப்பிய வங்கிப் பதிவு, மாற்றிய பூட்டின் படம், மிரட்டல் செய்திகள் ஆகியவற்றைத் தொலைபேசியில் மட்டும் வைக்காமல் மின்னஞ்சலிலும் சேமியுங்கள்.

4. மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவு, ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்புகள் ஆகிய இடங்களில் இலவச உதவி கிடைக்கும்.

"உள்துறை அலுவலகத்துக்குச் சொல்லி விசாவை ரத்து செய்துவிடுவேன்" என்ற மிரட்டல்தான் பலரை வாயடைக்க வைக்கிறது. விசாவை ரத்து செய்யும் அதிகாரம் எந்த வீட்டுக்காரருக்கும் கிடையாது. டெபாசிட்டைக் கேட்பதும், கவுன்சிலில் புகார் செய்வதும், தீர்ப்பாயத்தில் விண்ணப்பிப்பதும் மாணவர் விசா நிபந்தனை எதையும் மீறுவதாகாது. அப்படி மிரட்டும் குறுஞ்செய்தியை அழிக்காமல் கவுன்சில் அதிகாரியிடம் காட்டுங்கள். துன்புறுத்தலுக்கு அதுவே சான்றாக நிற்கும்.